ஐட்கெனோசன்ஷாஃப்ட்: சுவிஸ் பெயருக்குள் ஒரு சூள்

சுவிட்சர்லாந்தின் ஐந்து பிராங்க் நாணயம் உள்ளங்கையில் நல்ல கனமாக உட்காரும். ஒரு பக்கத்தில் முக்காட்டுச் சட்டை போட்ட ஆண் முகம். சுவிஸ் பழங்கதைகளின் வீரன் வில்லியம் டெல் என்று பலர் நினைப்பார்கள். அது பெயரில்லாத ஒரு மலை இடையன். அவன் தலையைச் சுற்றி 'கொன்ஃபெடராட்சியோ ஹெல்வெட்டிகா' (ஹெல்வெட்டியக் கூட்டமைப்பு) என்று லத்தீனில் பொறித்திருக்கும். அந்நாட்டுக் கார்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் 'சிஎச்' இந்த இரண்டு சொற்களின் முதலெழுத்துதான்.

ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள் உள்ள நாட்டில், எந்த மொழிக்காரரும் முகம் சுளிக்காமல் இருக்க லத்தீன் வசதியாக இருக்கிறது. ஹெல்வெட்டியர் என்பவர்கள் ரோமானியர் காலத்தில் அங்கே வாழ்ந்த கெல்ட்டிய இனத்தார். 'சுவிஸ்' என்பது ஷ்வீட்ஸ் என்ற சிறிய மலைநாட்டின் பெயர் விரிந்து வந்தது. இவையெல்லாம் எங்கும் கிடைக்கும் செய்திகள். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்நாட்டின் ஜெர்மன் பெயர்: 'ஷ்வைட்செரிஷ ஐட்கெனோசன்ஷாஃப்ட்'.

பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் ரொமான்ஷிலும் அந்த இடத்தில் லத்தீன் வழி வந்த சொல்தான் இருக்கிறது. அதன் வேர் 'ஃபோடுஸ்', அதாவது உடன்படிக்கை. ஜெர்மன் சொல்லின் வேர் வேறு. 'ஐட்' என்றால் ஆணையிட்டுச் சொல்வது, சத்தியம். 'கெனோஸ்ஸ' என்றால் கூட்டாளி. 'ஷாஃப்ட்' அவர்களை ஒரு தொகுதியாக்கும் விகுதி. சேர்த்துப் பார்த்தால், சத்தியம் செய்து கூட்டாளி ஆனவர்களின் கூட்டம்.

'கெனோஸ்ஸ' இன்னும் சுவையான சொல். பழைய ஜெர்மனில் 'நோஸ்' என்றால் கால்நடை. ஒரே மேய்ச்சல் நிலத்தில் தன் மாட்டையும் விடுபவனே முதலில் கெனோஸ்ஸ. ஆல்ப்ஸ் மலைக்காரர்களுக்கு இது வாழ்க்கையே. கோடையில் மாடுகள் மேலே ஊர்ப் பொதுப்புல்வெளிக்குப் போகும். குளிர்காலத்தில் கீழே தொழுவத்துக்கு வந்துவிடும். வலே பகுதியில் டோர்பல் என்ற கிராமம் 1517ஆம் ஆண்டிலேயே ஒரு விதியை எழுதி வைத்தது: குளிர்காலம் முழுக்க ஒருவர் தன் வைக்கோலைப் போட்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையை மட்டும்தான் மேலே அனுப்பலாம். பொதுநிலம் அழியாமல் இருந்தது அதனால்தான். அப்புறம் அந்த நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். இடையன் முகம் அங்கே பொருத்தமில்லாமலா இருக்கிறது?

சத்தியத்துக்கு வருவோம். 1291ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத் தொடக்கம் என்று தேதியிட்ட ஒரு தோல் ஏடு இன்றும் ஷ்வீட்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் ஆகிய மூன்று பள்ளத்தாக்கு மக்கள் லத்தீனில் எழுதிக்கொண்டது. ஆபத்து வந்தால் ஒருவருக்கொருவர் துணை நிற்போம். காசு கொடுத்துப் பதவி வாங்கிய நீதிபதியையும், நம் ஊர்க்காரனல்லாத நீதிபதியையும் ஏற்க மாட்டோம் என்கிறது. ஆகஸ்ட் 1 தேசிய நாளானது இந்த ஏட்டால்தான்.

அந்தச் சத்தியம் வெறும் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அப்பன்செல் இன்னர்ரோடன், கிளாருஸ் ஆகிய இரண்டு கன்டோன்களில் (அந்நாட்டு மாநிலங்களில்) இன்றும் ஆண்டுக்கொருமுறை மக்கள் திறந்தவெளியில் கூடி, கையைத் தூக்கி வாக்களிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் நின்றபடி வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்தி ஆணை ஏற்கிறார்கள். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அப்பன்செல் இன்னர்ரோடனில் பெண்களுக்கு அந்தக் கை தூக்கும் உரிமை 1990இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கிடைத்தது. பாதிப்பேரை வெளியே நிறுத்திவிட்டுச் செய்த சத்தியத்தை முழுச் சத்தியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'கூட்டமைப்பு' என்று எழுதிவருகிறோம். அது லத்தீன் பெயருக்குப் போதும். ஆனால் சங்கங்கள் நான்கு சேர்ந்தாலும் கூட்டமைப்புதான். 'கூட்டாட்சி' ஆட்சிமுறையைச் சொல்லும் சொல். 1847இல் ஒரு மாதம்கூட நீடிக்காத உள்நாட்டுப் போருக்குப் பின், 1848 அரசமைப்போடு அவர்கள் உண்மையில் கூட்டாட்சி ஆனார்கள். பெயர் மட்டும் பழையபடியே நின்றது. 'பங்காளி' கெனோஸ்ஸவுக்கு மிக அருகில் வருகிறது, பங்கு என்ற வேரால். ஆனால் நம் ஊரில் பங்காளி இரத்த உறவு. இங்கே இரத்த உறவு இல்லாதவர்களைத்தான் சத்தியம் சேர்க்கிறது.

நம்மிடம் 'சூள்' இருக்கிறது. சங்க அகப்பாட்டுகளில் தலைவன் தலைவியின் முன்கையைப் பற்றிச் சொல்வது சூள். இன்று மேடையில் 'சூளுரைத்தார்' என்கிறோமே, அதே சொல். சூளுறுதல் என்றால் ஆணையிடுதல், அதிலிருந்து 'சூளுறவு'. இதைச் சூள் + உறவு என்றும் பிரிக்கலாம், சூளால் வந்த உறவு. ஜெர்மன் சொல்லின் இரண்டு பாதியும் இதில் அப்படியே வந்துவிடுகின்றன. ஆகவே ஐட்கெனோசன்ஷாஃப்ட் என்பதற்குச் 'சூளுறவு' என்றும், ஐட்கெனோஸ்ஸ என்ற ஆளுக்குச் 'சூளுறவினர்' என்றும் எழுதலாம் என்பது என் துணிபு.

பேச்சுவழக்கில் அங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் தங்களை 'ஐட்கெனோஸ்' என்றும், குடியுரிமை வாங்கி வந்தவர்களைக் 'காகித சுவிஸ்' என்ற பொருளில் 'பப்பியர்லிஷ்வைட்சர்' என்றும் பிரித்துச் சொல்வதுண்டு. 1980களிலிருந்து அங்கே குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகளும் இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். சொல்லின் வேரைப் பார்த்தால் இந்தப் பிரிவினைக்கு இடமே இல்லை. ஐட்கெனோஸ்ஸ ஆவதற்குப் பிறப்பு தேவைப்படவில்லை. வாக்குக் கொடுத்தால் போதும்.