இருபது வோல்ற் எப்படி அறுபதுக்கு ஏறுகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். மின்சார ஸ்கூட்டர் வாங்கி மூன்று மாதமாகிறதாம். மகனை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதும், கொள்ளுப்பிட்டியில் வேலைக்குப் போய் வருவதும் அதில்தான். விற்றவர்கள் "பிறேக் பிடிக்கப் பிடிக்கச் சார்ஜ் ஏறும், டவுணுக்குள்ள ஓடினா பிளக்கில போடுற வேலை பாதி குறையும்" என்றார்களாம். காலி வீதியில் அவர் பிடிக்காத பிறேக்கா? ஆனாலும் பிளக்கில் போடுவது குறையவில்லை. ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்கிறார்.

கடிதத்தின் அடியில் மகனும் ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த வருடம் ஏ.எல். எடுக்கப் போகிறவர். "சேர், பற்றரி 60 வோல்ற். மெதுவாப் போகேக்க மோட்டார் 20 வோல்ற்தான் உண்டாக்கும். 20இல இருந்து 60க்குக் கரண்ட் எப்படி ஏறும்?"

அம்மாவின் கேள்விக்குப் பதில் ஒரு பெருக்கல் கணக்கு, பிறகு போடுவோம். மகனின் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மேட்டில் இருக்கும் தாங்கிக்குப் பள்ளத்திலிருந்து தண்ணீர் தானாக ஏறாது என்று தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது.

அடிப்படைகளை வேகமாகக் கடந்துவிடுவோம். இந்த ஸ்கூட்டர்களில் மோட்டார் பெரும்பாலும் பின்சில்லுக்கு உள்ளேயே இருக்கிறது. அச்சோடு அசையாமல் நிற்பவை செப்புக் கம்பிச் சுருள்கள். அவற்றைச் சுற்றிச் சில்லோடு சேர்ந்து ஓடுபவை நியோடிமியம் காந்தங்கள். 1980களின் தொடக்கத்தில் யப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான இந்தக் காந்தம் இல்லாவிட்டால், இவ்வளவு சிறிய சில்லுக்குள் இவ்வளவு பெரிய சுழற்றும் பலம் அடங்காது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம் கொடுப்பது என்பதைக் 'கொன்ட்ரோலர்' என்ற பெட்டி தீர்மானிக்கிறது. காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று அதற்குச் சொல்பவை மூன்று சிறு உணரிகள். ஓட்டம் பாயும் கடத்தி காந்தப் புலத்தில் இருந்தால் அதன் குறுக்கே சிறு வோல்ற்றளவு தோன்றும் என்று 1879இல் எட்வின் ஹோல் கண்டுபிடித்தாரே, அவை வேலை செய்வது அந்த விளைவில். (மரைன் டிரைவ் பக்கம் வண்டி விடுகிறவர்கள் கவனிக்க: உப்புக் காற்றில் முதலில் பச்சை பிடிப்பது இந்த உணரிகளின் பிளக்தான். என்னுடையதில் அப்படி நடந்தது. புறப்படும்போது வண்டி துள்ளித் துள்ளி நின்றது. மோட்டாரையே மாற்றச் சொன்னார் ஒருவர். பிளக்கைத் துடைத்ததும் சரியாகிவிட்டது.)

சுருளுக்கு ஓட்டம் கொடுத்தால் காந்தம் நகரும். காந்தத்தை நகர்த்தினால் சுருளில் மின்னியக்க விசை, அதாவது ஓட்டத்தைத் தள்ளும் வோல்ற்றளவு, பிறக்கும். 1831இல் பரடே காட்டியது இது, ஓ.எல். விஞ்ஞானத்திலேயே படிக்கிறோம். ஆகவே மோட்டார், டைனமோ என்று இரண்டு பொருள்கள் இல்லை. ஒரே சில்லுதான். வண்டி ஓடும்போதும் அது டைனமோவாகப் பற்றரியை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதுதான் பின் மின்னியக்க விசை. மணிக்கு 54 கிலோமீற்றரில் அது 60 வோல்ற் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பற்றரியும் மோட்டாரும் அங்கே சமமாகிவிடும். வண்டி அதற்கு மேல் வேகம் எடுக்காது. 18 கிலோமீற்றரில் அது 20 வோல்ற். மகன் சொன்ன எண் சரி.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம்.

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பு ஒன்றில் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டுப் படக்கென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் 'டொக்' என்று ஓர் அடி கேட்கும். குழாய் நெடுக ஓடிவந்த தண்ணீருக்கு உந்தம் இருக்கிறது. வழி அடைபட்டாலும் அது உடனே நிற்க மாட்டேன் என்கிறது. அந்த ஒரு கணத்தில் குழாய்க்குள் அமுக்கம், மொட்டைமாடித் தாங்கியின் உயரம் தரக்கூடிய அமுக்கத்தைவிடப் பல மடங்கு ஏறிவிடும். அந்தக் கணத்தில் பக்கத்தில் ஒரு வழிக் கதவு ஒன்று இருந்தால், தாங்கியைவிட உயரமான இடத்துக்கும் கொஞ்சத் தண்ணீர் பீறிட்டு ஏறும். கற்பனை இல்லை. ஆகாயத்தில் பலூன் விட்ட மொன்கோல்பியே சகோதரர்களில் மூத்தவரான யோசப் மிசேல், 1796இல் இதே அடியை வைத்து எஞ்சினும் மின்சாரமும் இல்லாமல் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் பம்பி ஒன்றைச் செய்தார். நிறையத் தண்ணீர் கொஞ்ச உயரம் இறங்கி, கொஞ்சத் தண்ணீரை நிறைய உயரத்துக்கு ஏற்றிவிடும்.

செப்புச் சுருளும் அந்தக் குழாயைப் போலத்தான். ஓட்டம் தொடங்கும்போது தயங்கும். தொடங்கிய பிறகு நிறுத்த விடாது. தூண்டுதிறன் என்று பாடப்புத்தகம் சொல்வது இந்தப் பிடிவாதத்தைத்தான்.

கொன்ட்ரோலருக்குள் ஆறு திரான்சிற்றர் ஆளிகள் இருக்கின்றன. பிறேக் பிடியைத் தொட்டதும் அது கீழ்ப் பக்க ஆளிகளை மூடுகிறது. அதாவது சுருளின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. பற்றரிக்கு இதில் பங்கில்லை. மோட்டாரின் 20 வோல்ற் தன் சுருளுக்குள்ளேயே ஓட்டத்தைச் சுற்றவிடுகிறது. ஓட்டம் வளர வளரக் காந்தப் புலத்தில் சக்தி சேர்கிறது. ஆளி மூடினால்தான் ஓட்டம் ஓடும்; ஆகவே பைப் முழுதாகத் திறந்திருக்கும் நிலை இது. பிறகு ஆளி படக்கென்று திறக்கிறது. ஓட்டத்துக்கு வழியில்லை. சுருளோ நிற்க மறுக்கிறது. ஓட்டத்தைத் தொடர்வதற்காகத் தன் முனையில் வோல்ற்றளவைத் தானே உயர்த்துகிறது: முப்பது, நாற்பது, ஐம்பது. அறுபதைத் தாண்டியதும் மேல் பக்கத்து இருவாயி (டையோட்), அதாவது மின்னோட்டத்தின் ஒரு வழிக் கதவு, வழிவிட, ஓட்டம் பற்றரிக்குள் பாய்கிறது. ஓட்டம் தளர்வதற்குள் ஆளி மீண்டும் மூடுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 15,000 முதல் 20,000 தடவை இது நடக்கிறது. பிறேக் பிடிக்கும்போது சில வண்டிகளில் மெல்லிய கீச்சொலி கேட்குமே, அதில் இந்தத் தட்டலுக்கும் பங்குண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் கணக்கு. ஆளி மூடியிருக்கும்போது சுருளின் மேல் 20 வோல்ற், ஓட்டத்தை வளர்க்கும் திசையில். திறந்திருக்கும்போது 60இல் 20 போக 40 வோல்ற், ஓட்டத்தைத் தளர்த்தும் திசையில். வளர்ந்ததும் தளர்ந்ததும் சமமாக வேண்டும். ஆகவே இரண்டு பங்கு நேரம் மூடி, ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும்: இருபதை இரண்டால் பெருக்கினாலும் நாற்பது, நாற்பதை ஒன்றால் பெருக்கினாலும் நாற்பது. வண்டியின் வேகம் இன்னும் குறைந்து 10 வோல்ற் ஆனால், ஐந்து பங்கு மூடி ஒரு பங்கு திறப்பு. சில்லு தளரத் தளரக் கொன்ட்ரோலர் இந்தப் பங்கை மாற்றிக்கொண்டே போகிறது. இலவசமாக எதுவும் வரவில்லை. சுருளில் ஓடுவது 15 அம்பியர் என்றால் பற்றரிக்குச் சராசரியாகப் போவது 5 அம்பியர்தான். 20ஐ 15ஆல் பெருக்கினால் 300 வாற்; 60ஐ 5ஆல் பெருக்கினாலும் 300. நிறையத் தண்ணீர் கொஞ்சம் இறங்கி, கொஞ்சத் தண்ணீர் நிறைய ஏறியது. கம்பிச் சூட்டில் போவதை மட்டும் இதில் கழிக்க வேண்டும்.

தம்பி, இதைக் கையால் உணரலாம். கராஜில் பழைய சில்லு மோட்டார் ஒன்று கழற்றிக் கிடந்தால் கேட்டுப் பாருங்கள். எதனோடும் இணைக்காமல் சுற்றினால் இலகுவாகச் சுற்றும். அதன் மூன்று தடித்த வயர்களில் இரண்டைச் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். தேன் சாடிக்குள் சுற்றுவதுபோல் இறுகும். பிறக்கும் ஓட்டம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும் என்று 1834இல் லென்ஸ் சொன்ன விதி உங்கள் உள்ளங்கையில் தெரியும்.

இனி அக்காவின் கணக்கு. வண்டியும் ஆளும் பையும் சேர்த்து 180 கிலோ, வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது விநாடிக்கு 10 மீற்றர். இயக்கசக்தி 9,000 யூல். வாற்-மணியில் சொன்னால் வெறும் 2.5. கைபேசிப் பற்றரி ஒன்றுக்கே ஏறக்குறைய 15 வாற்-மணி வேண்டும். பாதி திரும்பக் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்தால் 1.25. கிலோமீற்றருக்கு 30 வாற்-மணி செலவாகும் வண்டிக்கு அது சுமார் 40 மீற்றர் ஓட்டம். ஒரு கலர் லைற்றில் நின்றால் 40 மீற்றர். நூறு தடவை நின்றால் 4 கிலோமீற்றர். நெரிசலில் 36ஐத் தொடாமலே நிற்கிறோம், ஆகவே அதற்கும் குறைவு. சார்ஜ் ஏறும் என்று விற்றவர்கள் சொன்னது உண்மை. பாதி குறையும் என்றது உண்மையில்லை.

கொழும்பு மட்டமான நிலம் என்பதுதான் காரணம். அதே 180 கிலோ நுவரெலியாவில் நின்றால் கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிக உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்தில் அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 880 வாற்-மணி. 60 வோல்ற், 30 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதி. காற்றும் உராய்வும் பெரும் பங்கைத் தின்றாலும், மலையிறக்கத்தில் இந்தப் பிறேக்குக்கு மதிப்பு உண்டு. ஒன்று மட்டும்: உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பற்றரி வாங்க மறுக்கும். பிறேக்கின் அந்தப் பங்கு கிடைக்காமல் போய்விடும்.

இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அந்த வர்க்கம் வேறோரிடத்திலும் என்னைக் கவலைப்படுத்துகிறது. சுதந்திர சதுக்கத்து நடைபாதையில் மாலை நேரம் வயதானவர்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். அந்த நெரிசலில் பிள்ளைகள் மின்சைக்கிளைச் சத்தமில்லாமல் விடுகிறார்கள். 15 கிலோமீற்றரில் வரும் சைக்கிளைவிட 25இல் வருவது சுமந்து வரும் சக்தி 2.8 மடங்கு. மோதினால் அந்தச் சக்தி ஒருவருடைய எலும்பில் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிதித்து ஓட்டும் மின்சைக்கிளுக்கு 25 கிலோமீற்றரோடு மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். நடக்கிறவர்களோடு பகிரும் பாதையில் எனக்கு அதுவே அதிகம்.

அக்காவின் கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. முன்சில்லில் ஒரு டைனமோ பூட்டினால் ஓட ஓடச் சார்ஜ் ஏறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். தயவுசெய்து செய்யாதீர்கள். வயரை முறுக்கியதும் சில்லு இறுகியதே, அதுதான் அதற்கான பதில். டைனமோ தருவதைவிட அதிகமாகப் பின்மோட்டார் இழுக்க வேண்டியிருக்கும். நிற்க வேண்டிய நேரத்தில் எடுக்கும் சக்தி மட்டுமே நமக்கு மிச்சம். 2020 டிசம்பரில், கொரோனாவைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணி மருந்துக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 2022இல் பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோம். தட்டுப்பாடும் பயமும் வரும்போது இப்படியான வாக்குறுதிகளும் கூடவே வரும். நம்பியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதமளவே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாட்டைப் பற்றித்தான் கோபம். லிதியம் அயன் பற்றரியின் எதிர் மின்வாயில் பெரும்பாலும் இருப்பது காரீயம் (பென்சிலுக்குள் இருக்கும் கிராபைற், ஈயம் அல்ல). போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் உலகின் மிகத் தூய காரீயம் நம் காலடியில் கிடக்கிறது. அதைத் தோண்டி ஏற்றிவிட்டுப் பற்றரியை இறக்குமதி செய்கிறோம். கட்டுபெத்தையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்து, பத்து வருடத்துக்குத் தடையில்லாமல் பணமும் கொடுத்தால் என்ன?

கடைசியாக அக்காவுக்கு. வண்டி நடை வேகத்துக்கு இறங்கும்போது மோட்டாரின் மின்னியக்க விசை இரண்டு மூன்று வோல்ற் ஆகிவிடும். சுருளின் தடையே அதைத் தின்றுவிடும். கடைசிச் சில அடிகளில் மின்பிறேக் கைவிட்டுவிடும். அங்கே பிடிப்பது பழைய பிறேக் ஷூதான். மின்பிறேக்கின் புண்ணியத்தில் அது மெதுவாகத் தேயும், அதனாலேயே அதைப் பார்க்க மறந்துவிடுவோம். மே மாத மழை தொடங்குமுன் ஒருதரம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.