மொட்டையடித்தால் நிழல் குறையாது

கோடைமழைக் காற்றில் தெருவில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், பெங்களூரில் அடுத்த வாரம் முழுக்க ஒரே பேச்சுதான்: "எங்க வீட்டு மரத்தையும் மொட்டையடிச்சிடுங்க. வீடு இருட்டா இருக்கு, விழுந்துடுமோன்னு பயமாவும் இருக்கு." மொட்டையடித்தால் இருட்டும் தீராது, பயமும் தீராது. இரண்டும் கூடும்.

மாவோ புங்கமோ, பெரிய கிளைகளைப் பாதியில் வெட்டினால் வெட்டுவாய்க்குக் கீழே உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்து, ஒரே இடத்தில் கொத்தாகப் போத்து (புதுக்கிளை) விடும். இரண்டே மழைக்காலத்தில் முன்பைவிட அடர்ந்த நிழல். அந்தப் போத்துகளுக்குக் கட்டைக்குள் பிடிப்பு கிடையாது. பட்டையை ஒட்டித்தான் நிற்கும். நடுவில் வெட்டுவாய் மூடாமல் உளுத்துப்போகும். பிறகு காற்றடித்தால் முதலில் உரிந்து விழுவது அவைதான். எல்லோரும் அப்படித்தானே வெட்டுகிறார்கள் என்பீர்கள். விறகைத் தனக்கென்று ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அதிகம் வெட்டினால் லாபம், வெட்டுகிறார். ரம்பம் வைத்திருப்பவரெல்லாம் மரம் தெரிந்தவர் இல்லை.

எவ்வளவு நிழல் வேண்டும் என்பதைத் திசையும் மணியும் பார்த்து முடிவு செய்யுங்கள். பெங்களூரு ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல்; மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே விழும். டிசம்பர் கடைசியில் அதே நண்பகலில் 30 அடி மரம் வடக்கே 22 அடிக்கு நிழல் போடும். குளிரில் வீட்டுக்குள் வரவேண்டிய வெயிலைத் தடுப்பது தெற்குப்பக்க மரம். அதில் கொஞ்சம் கிளை கழித்துவிடலாம்.

மேற்குப்பக்க மரத்தைத் தொடாதீர்கள். ஏப்ரல் கடைசியில் மாலை 4 மணிக்கு 20 அடி மரத்தின் நிழல் கிழக்கே 27 அடி வரை நீளும். மேற்குச் சுவர் காய்ந்தால் அந்தச் சூடு இரவு வரை அறைக்குள் நிற்கும். பலர் முதலில் வெட்டுவது இதைத்தான், வாசலில் குப்பை விழுகிறதாம்! கிழக்கைத் திறந்து விடுங்கள், காலை வெயில் யாரையும் சுடாது.

செடிக்காக முழு மரத்தையும் பலி கொடுக்க வேண்டாம். மல்லிகை, தக்காளி, கத்தரிக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். அதற்கு ஒரு மூலை போதும். கீரைக்கு 4 மணி நேரம் கிடைத்தாலும் வரும். வெற்றிலையும் இஞ்சியும் மர நிழலிலேயே வரும். மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அதன்மேல் நிழல் விழும் கிளையை மட்டும் எடுங்கள்.

வெட்டுவதாக இருந்தால் முதலில் காய்ந்தது, பிறகு ஒன்றோடொன்று உரசுவது, பிறகு உள்நோக்கி வளர்ந்தது. ஒரு வருடத்தில் பச்சைக் கிளைகளில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கனமான கிளை என்றால் தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியில் கால்பங்கு ஆழம் அறுத்து, அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுங்கள். அடிவெட்டு போடாவிட்டால் கிளை விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மிச்சக் கட்டையைக் கிளை தொடங்கும் இடத்தில் உள்ள தடித்த மடிப்புக்குச் சற்று வெளியே எடுங்கள். மடிப்பை வெட்டினால் காயம் மூடாது. பெயிண்ட் பூச வேண்டாம்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து ஏணி போடாதீர்கள், மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்குச் சொல்லுங்கள். சொந்த மனையில் இருந்தாலும் மரத்தை வெட்ட 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும்; சில வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மரத்தை எரிப்பதும் சேதப்படுத்துவதும்கூட அந்தச் சட்டத்தில் வெட்டியதாகவே கணக்கு.

மா என்றால் காய் இறங்கியபின், ஜூலை, ஆகஸ்டில் செய்யுங்கள். டிசம்பரில் கைவைத்தால் அந்த வருடப் பூ போச்சு.