காருக்குள் கலர் லைற் பூட்டப் போகிறீர்களா? சட்டம் பார்ப்பது இதைத்தான்

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் வாகன உதிரிப்பாகம் வாங்க நின்றால் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். "அண்ணை, இது காருக்கு உள்ளுக்குப் பூட்டுற லைற்தானே, இதுக்கும் பொலிஸ் பிடிக்குமோ?" கேட்கிற பெடியனின் கையில் ஐந்து மீற்றர் எல்ஈடி சுருள் இருக்கும். "உள்ளுக்குத்தானே தம்பி, ஒண்டும் வராது" என்ற பதிலும் அந்தச் சுருளோடு சேர்ந்தே வீட்டுக்குப் போகும்.

அந்தப் பதில் பாதிதான் சரி. காருக்குள் அளவான வெளிச்சம் வைத்துக்கொள்ள நினைப்பதில் பிழையில்லை. கதவைத் திறந்தால் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும், இரவில் பிள்ளையின் பால் போத்தல் விழுந்தால் தேடி எடுக்க வேண்டும். ஆனால் வீதியில் மறிக்கிற பொலிஸார் உங்கள் லைற் எந்த மூலையில் ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. வெளிச்சம் வெளியே தெரிகிறதா, சாரதியின் பார்வையைக் கெடுக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும், பின்னர் வந்த திருத்தங்களும், அதன் கீழான ஒழுங்குவிதிகளும்தான். வாகன விளக்குகளின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு, பின் இலக்கத் தகடு இரவிலும் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. இருட்டில் எதிரே வருகிறவருக்கு உங்கள் காரின் உருவம் தெரியாது, நிறம் மட்டும்தான் தெரியும். வெள்ளை என்றால் தன்னை நோக்கி வருகிறது, சிவப்பு என்றால் தனக்கு முன்னே போகிறது. கண் அப்படியே பழகிவிட்டது. டாஷ்போட்டுக்குக் கீழே பூட்டிய சிவப்புப் பட்டி முன் கண்ணாடியால் பளிச்சென்று தெரிந்தால், எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர் ஒரு கணமாவது குழம்புவார். கொடிகாமத்துக்கும் முகமாலைக்கும் இடையில் ஏ9 வீதியில் இரவில் ஓடியவர்களுக்கு அந்த ஒரு கணத்தின் பெறுமதி தெரியும்.

நீலமும் சிவப்பும் மாறி மாறி மின்னுகிற வகையைத் தொடவே வேண்டாம். அது பொலிஸுக்கும் அம்புலன்ஸுக்கும் உரிய அடையாளம். பாட்டுக்கு ஏற்றபடி மின்னுகிற லைற்றும் கிட்டத்தட்ட இதே வகைதான். பின்னால் வருகிறவருக்கு அது சிக்னலா, பிறேக்கா, அலங்காரமா என்று பிரித்தறிய நேரம் இருக்காது.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' வேலைத்திட்டத்தோடு சேர்த்து, பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டிய பொருட்களைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினார்கள். அப்போது பேச்செல்லாம் பஸ்ஸையும் ஓட்டோவையும் பற்றியே இருந்ததால், தனியார் கார் வைத்திருக்கிறவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைத்துவிட்டார்கள். அதே சட்டம்தான் காருக்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். "வருஷா வருஷம் புகைப் பரிசோதனை பாஸ் பண்ணி, பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரமும் எடுக்கிறேன். லைற் பிழை என்றால் அங்கேயே சொல்லியிருப்பார்களே" என்பார்கள். புகைப் பரிசோதனையில் பார்ப்பது புகைக்குழாயிலிருந்து வருவதை மட்டும். உள்ளே எத்தனை லைற் எரிகிறது என்று அந்த இயந்திரம் கேட்காது. வரிப்பத்திரம் கொடுக்கிற உத்தியோகத்தர் புகைச் சான்றிதழையும் காப்புறுதியையும் பார்ப்பாரே தவிர, வெளியே வந்து உங்கள் காரைச் சுற்றிப் பார்ப்பதில்லை. பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று உண்டு. சாதாரண காருக்கு அது கேட்கப்படுவதில்லை. ஆகவே வரிப்பத்திரம் கையில் இருப்பது லைற்றுக்குக் கிடைத்த அனுமதி ஆகாது.

சரி, வாகனப் புத்தகத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா? நிறம், இயந்திர இலக்கம், ஆசன எண்ணிக்கை போன்றவை மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். உள் லைற் இந்த விபரங்கள் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் கார் லீசிங்கில் இருந்தால் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிற்பது லீசிங் கொம்பனிதான், நீங்கள் இல்லை. ஒப்பந்தத்தில் மாற்றங்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வயரை வெட்ட முன்னர் ஒருமுறை வாசியுங்கள். முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் முகவருக்கு எழுத்தில் ஒரு வரி சொல்லி வைப்பது நல்லது. கார் தீப்பிடித்தால் இழப்பை மதிப்பிட வருகிறவர் முதலில் தேடுவது, கொம்பனி வயரில் பிறகு போட்ட முடிச்சு எங்கே என்பதைத்தான்.

இனி என் சொந்த அனுபவம். என் வேகன் ஆருக்கு முதலில் பூட்டியது ஐஸ் நீல நிறப் பட்டி. வீட்டு முற்றத்தில் பார்க்க அவ்வளவு வடிவு. ஒரு நாள் வேலணையிலிருந்து இரவு திரும்பி வந்துகொண்டிருந்தேன். அல்லைப்பிட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் இருட்டு. முன் கண்ணாடியின் அடியில் அந்த நீலப் பட்டி ஒரு கோடாகப் பிரதிபலித்துக்கொண்டே வந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கறுப்பு மாடொன்று தார் வீதியின் நடுவில் படுத்திருந்தது. "மாடு!" என்று மனைவி கத்திய பிறகுதான் பிறேக்கில் கால் வைத்தேன். மாட்டின் முதுகுக்கும் காரின் மூக்குக்கும் இடையில் ஒரு முழம்கூட இருந்திருக்காது. அது எழும்பவும் இல்லை, தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். கட்டாக்காலி மாடுகள் எங்கள் வீதிகளில் புதிதில்லை. அன்று புதிதாக இருந்தது என் கண்ணாடியில் விழுந்த நீலக் கோடு.

பிறகுதான் காரணத்தைத் தேடி வாசித்தேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை எடுக்கும். இரவில் வேலை செய்கிற கண்ணின் கலங்கள் நீல வெளிச்சத்தில் மிகவும் கூருணர்வுள்ளவை, ஆகவே கொஞ்ச நீலம் பட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மங்கலான சிவப்பும் செம்மஞ்சளும் அவ்வளவாகக் கலைப்பதில்லை. சிவப்பு வெளியே தெரிந்தால் சட்டச் சிக்கல் இருப்பதால், மங்கலான செம்மஞ்சள், அதுவும் கால் வைக்கும் இடத்தில் மட்டும், என்பதே என் தெரிவு.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 5050 ரகப் பட்டியில் மீற்றருக்கு 60 எல்ஈடி இருக்கும். மீற்றருக்கு ஏறத்தாழ 14.4 வாட் இழுக்கும், அதாவது 12 வோல்ற்றில் 1.2 அம்பியர். ஐந்து மீற்றரையும் ஒட்டினால் 6 அம்பியர். இதைக் கொண்டுபோய்க் கூரை லைற்றின் வயரில் தொடுத்துவிடுகிறார்கள். அந்த வயர் 5 அல்லது 10 வாட் குமிழுக்காகப் போட்ட மெல்லிய வயர். பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய பியூஸ் போட்டால், அடுத்ததாக உருகுவது வயர்தான். பியூஸின் வேலையே வயருக்கு முன்னால் தான் உருகிப் போவது.

உண்மையில் தேவைப்படுவது சாரதி பக்கம் 30 சென்ரிமீற்றர், மற்றப் பக்கம் 30 சென்ரிமீற்றர். பட்டியில் கத்தரிக்கோல் அடையாளம் போட்ட இடத்தில், மூன்று எல்ஈடிக்கு ஒருமுறை வெட்டலாம். மொத்தம் முக்கால் அம்பியருக்கும் குறைவு. அதற்கு 2 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் மின் வருகிற இடத்திலிருந்து தனி வயர் எடுங்கள். சாவி இல்லாமலே மின் வருகிற இடத்தில் தொடுத்தால், இரண்டு நாள் நிறுத்தி வைத்த காருக்குப் பற்றறி இறங்கி நிற்கும்.

பட்டியின் பின்னாலிருக்கிற பசையை நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் அது இளகி, ஒரு பக்கம் கழன்று தொங்கும். தொங்குகிற இடம் பிறேக் பெடல் பக்கம் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி போட்டு இறுக்குங்கள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் காற்றுப்பைக்கு உரியவை, அவற்றைத் தொடவே கூடாது. அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் தெரிந்தால் கையை எடுத்துவிட்டு, தெரிந்த எலெக்ரீசியனிடம் போங்கள். அது உயிரெடுக்கிற மின்னழுத்தம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. இரவில் ஒழுங்கையில் காரை நிறுத்தி, உள் லைற்றைப் போட்டுவிட்டு முன்னால் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் பின்னால் போய்ப் பாருங்கள். பட்டியோ அதன் நிறமோ கண்ணில் பட்டால் பிரகாசம் அதிகம், அல்லது இடம் பிழை. பிறகு சாரதி ஆசனத்தில் இருந்து முன் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் பாருங்கள். எதிலும் கோடு விழக் கூடாது. எதற்கும் கைக்கு எட்டுகிற ஒரு சுவிச் வையுங்கள். ஓடும்போது அணைத்துவிட்டு, நிறுத்தி ஏறி இறங்கும்போது மட்டும் போடுவது இன்னும் பாதுகாப்பு.

மறித்தால் என்ன செய்வது

முதலில் லைற்றை அணையுங்கள், பிறகு கதையுங்கள். எது பிழை என்று கேட்பதில் தவறில்லை. வட மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி, தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. தண்டப்பத்திரம் தரக்கூடிய குற்றமென்றால், அதில் எழுதியுள்ள தொகையை 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டிச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். நாள் தவறவிட்டால் தொகை கூடும், இன்னும் இழுத்தால் நீதிமன்றம் போக வேண்டி வரும். கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, கழற்றிய இடத்தைத் திகதி தெரிய ஒரு படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். திரும்பவும் யாராவது மறித்துக் கேட்டால் காட்ட உதவும்.