ஃபாம் ஃபத்தால்: தமிழில் தாக்கணங்கு

தன் அழகாலும் பேச்சாலும் ஓர் ஆணை ஈர்த்து, அவனைக் குற்றத்துக்கோ அழிவுக்கோ சாவுக்கோ இட்டுச் செல்லும் பெண் பாத்திரத்தைத் திரைப்பட எழுத்தில் 'ஃபாம் ஃபத்தால்' என்ற பிரெஞ்சுத் தொடரால் குறிப்பர். தமிழில் எழுதுவோர் சிலர் இதனை 'வில்லி' என்று முடித்துவிடுகின்றனர். அது பொருந்தாது. வில்லி நாயகனுக்கு எதிரே நிற்பவள். இவளோ அவனே விரும்பித் தேடிச் செல்பவள்.

தொடரின் முதற்சொல்லுக்குப் பெண் என்பதே பொருள். இரண்டாம் சொல்லில்தான் செய்தி இருக்கிறது. 'ஃபத்தால்' என்பதன் வேர் இலத்தீன் மொழியின் 'ஃபாட்டும்'. அதுவோ, சொல்லுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. தெய்வத்தால் சொல்லப்பட்டுவிட்டது, ஆகையால் மாற்ற இயலாதது என்பது அதன் உட்கருத்து. விதிக்கப்பட்டது விதியானதைப் போன்ற சொற்பிறப்பு இது. கொல்லக்கூடியது என்ற பொருள் பின்னர் ஏறியது. ஆக, வேர்ப்பொருளில் இவள் கொலைகாரி அல்லள். ஒருவனுக்கு ஊழாக வந்து வாய்த்தவள்.

திரைக்கு வருமுன்பே இந்த உரு ஓவியத்திலும் கவிதையிலும் நிலைபெற்றிருந்தது. விவிலியக் கதையில் நடனமாடி யோவானின் தலையைப் பரிசாகக் கேட்ட சலோமியைப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் மொரோ வரைந்த ஓவியங்கள் 1876இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1897இல் பிலிப் பர்ன்-ஜோன்ஸ் 'வாம்பயர்' என்ற ஓவியத்தை வரைய, அதே தலைப்பில் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் கவிதை எழுதினார். அக்கவிதையின் வழிவந்த 1915ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தில் நடித்துப் புகழ்பெற்றவர் தீடா பாரா. குருதி உறிஞ்சும் பேயின் பெயர் 'வேம்ப்' என்று குறுகி, ஆடவரை உறிஞ்சும் பெண்ணுக்கு ஆகிவந்தது அக்காலத்தில்தான். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தையற்காரரின் மகளாகப் பிறந்த அந்த நடிகையை, எகிப்தியப் பாலைவனத்தில் பிறந்தவர் என்று விளம்பரம் செய்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அச்சுறுத்தும் பெண் தொலைவிலிருந்தே வந்தாக வேண்டும் போலும்.

வேம்ப் பாத்திரத்துக்குத் தனியாக நோக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அழிப்பதே அவள் இயல்பு. 1940களின் குற்றப் படங்களில் வந்தவளுக்கு நோக்கம் இருந்தது: பணம், சலித்துப்போன மணவாழ்விலிருந்து விடுதலை, தன் போக்கில் வாழ ஓர் இடம். இப்படங்களைத்தான் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1946இல் 'ஃபிலிம் நுவார்', அதாவது இருட்படம், என்று அழைத்தார். 1944இல் வெளியான 'டபுள் இன்டெம்னிட்டி'யில் பார்பரா ஸ்டான்விக் ஏற்ற மனைவி வேடம் இவ்வகைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. காப்பீட்டு முகவன் ஒருவன் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து தன் குற்றத்தைத் தானே சொல்லும் அப்படத்தில், அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவன் வாய்வழி வந்தவைதாம். 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி குற்றம் தண்டனை பெறாமல் போகக் கூடாது; எனவே இறுதியில் அவள் சாக வேண்டியவளானாள்.

1946இன் 'கில்டா' இன்னும் கூர்மையான சான்று. ரீட்டா ஹேவொர்த் ஏற்ற அந்தப் பாத்திரம் குற்றம் எதுவும் செய்வதில்லை. அவளைக் குற்றவாளியாக்குவது நாயகனின் ஐயமே. ஆயினும் அவ்வாண்டு ஜூலையில் பசிபிக் கடலின் பிக்கினி பவளத்தீவில் சோதனைக்காக வெடிக்கப்பட்ட அணுகுண்டின் மீது அப்பெயரை எழுதி, ஹேவொர்த்தின் படத்தையும் ஒட்டினார்கள். அவர் அதை விரும்பவில்லை. 1970களில் பெண்ணிய விமர்சகர்கள் இத்தொடரை மறுபடி ஆராய்ந்தபோது, போர்க்காலத்தில் வேலைக்குச் சென்ற பெண்களைக் கண்டு எழுந்த ஆண்களின் அச்சமே இவ்வுருவில் வெளிப்பட்டது என்றனர். அவள் பெறும் தண்டனையைவிட அவளுடைய வலிமையே பார்வையாளர் நினைவில் தங்குகிறது என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு இந்தக் கருத்தே சரியெனப் படுகிறது.

இனித் தமிழ்ச்சொல். 'மோகினி' என்றால் பேய்க்கதை நினைவு முந்துகிறது. 'நச்சுப்பெண்' நஞ்சை அவள் உடலிலேயே வைத்துவிடுகிறது. கொல்லிமலையில் தெய்வம் அமைத்ததாகச் சங்கப் பாடல் கூறும் கொல்லிப்பாவை, பிற்கால மரபில் சிரித்தே கொல்பவளாயினும், உயிரற்ற படிமம். அதற்கு விருப்பமோ நோக்கமோ இல்லை.

பொருத்தமான சொல் குறளில் இருக்கிறது. அணங்கு என்பது வருத்தும் தெய்வத்துக்கும் அது தரும் வருத்தத்துக்கும் ஒருங்கே பெயர். 'அணங்குதல்' என்ற வினையும் உண்டு. தலைவியின் எதிர்நோக்கு, 'தாக்கணங்கு தானைக்கொண் டன்ன துடைத்து' என்கிறான் தலைவன் (1082). தாக்கி வருத்தும் அணங்கு ஒரு படையையும் உடன் கொண்டு வந்தாற்போன்ற நோக்கு அது. விலைமகளிரைப் பற்றிய 'வரைவின் மகளிர்' அதிகாரத்திலோ, மாய மகளிரின் முயக்கு 'ஆயும் அறிவினர் அல்லார்க்கு' அணங்கு (918) என்று வரையறை வருகிறது. எல்லார்க்கும் அன்று, ஆராய்ந்து அறியாதவர்க்கு மட்டும். இரு குறள்களிலும் சொல் பெண்ணைச் சுட்டினாலும், வருத்தம் நிகழ்வது பார்ப்பவனிடத்தில்; பேசுவதும் அவன் பக்கத்துக் குரலே. பிரெஞ்சுத் தொடர் திரையில் மறைத்து வைத்திருப்பதும் இதைத்தான்.

பாட்டிலும் மேடையிலும் 'அணங்கு' வெறும் அழகிய பெண் என்று தேய்ந்துவிட்டதால், கலைச்சொல்லாக ஆளும்போது 'தாக்கணங்கு' என்ற முழு வடிவமே வேண்டும். பாத்திர வகையைச் சொல்லத் 'தாக்கணங்குப் பாத்திரம்' எனலாம். வேம்ப் என்பதற்கு இதனை ஆளாமல், 'உயிருறிஞ்சி' என்று வேறுபடுத்துவது நல்லது.