கத்திரி வெயில் நாள்களில் வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மாலைச் செய்திகளில் வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய ஊர்கள் மாறி மாறி முதலிடத்தில் வரும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்ல 36தானே” என்று சென்னையிலோ கடலூரிலோ உச்சிவெயிலில் கான்கிரீட் போட இறங்குவது ஆபத்தான கணக்கு.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது 36 டிகிரி வெப்பம் உடலுக்குச் சுமார் 48 டிகிரி போலத் தெரியும். ஈரப்பதம் 25 சதவீதமாக உள்ள உள்மாவட்டத்தில் 40 டிகிரி அடித்தாலும் உடல் உணர்வது 41தான். வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது உலர வேண்டும். உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலோரத்தில் அது நடப்பதில்லை. போதாததற்கு, அறிக்கையில் வரும் எண் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில் அளந்தது. மொட்டைமாடியில் நிற்பவர் படும் சூடு அதைவிடக் கூடுதல்.

கடலோர நிலையங்களில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கும். சமவெளியில் அந்த வரம்பு 40. ஆகவே புழுக்கம் ஆளைக் கொல்லும் நாளிலும் எச்சரிக்கை வராமல் போகலாம். அதற்காகத்தான் சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கையில் வேறொரு வரி வருகிறது: அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் சேர்வதால் ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம் என்று. பலரும் தாண்டிப் போகும் இந்த வரியைக் கடலோரத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கடற்காற்று. சென்னையில் அது வழக்கமாக 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் நுழைந்து வெப்பம் மேலே ஏறுவதைத் தடுக்கும். மேற்குக் காற்று வலுத்தால் நுழைவு பிற்பகலுக்குத் தள்ளிப்போகும். அன்று 40 தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி, இந்த நகரம் எந்த அளவுக்குக் கொதிக்க முடியும் என்பதைக் காட்டும். வங்கக்கடலில் புயல் என்ற செய்தி வந்ததும் மழையை எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே மாதப் புயல் ஒடிசா, வங்கதேசம், மியான்மர் பக்கம் போனால், அது ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, நிலத்தின் வறண்ட மேற்குக் காற்றை நம் வடகடலோரத்துக்கு வரவழைக்கும். அந்த நாள்களில் மழைக்குப் பதில் கடும் வெயில்தான் மிஞ்சும்.

குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள். இரவு 29, 30 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பகலில் ஏறிய சூட்டை உடல் இறக்கிவைக்க நேரமே இல்லை. இப்படி மூன்று இரவுகள் தொடர்ந்தால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூங்கும் முதியவர்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நீலகிரி, கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி, தேனி மாவட்டங்களில் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு உட்பட்டவை. உங்கள் வயலில் பெய்யாமல் போனால் கணிப்பு பொய்த்தது என்று பொருள் அல்ல. மழைக்கு முன் வரும் சூறைக்காற்று குலைதள்ளிய வாழையைச் சாய்க்கும். முட்டுக் கொடுப்பதை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவென்றால் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரமாவது கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

வெளிவேலை செய்பவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலுக்குப் புதிதாக வரும் தொழிலாளிக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு போதும். பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம். முதல் நாளே முழு வேலை வாங்குவதுதான் பல மரணங்களுக்குக் காரணம். ஓ.ஆர்.எஸ். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள்.

பேச்சு குழறி, உடல் நெருப்பாய்ச் சுட்டால் அது வெப்பத்தாக்கு. 108ஐ அழையுங்கள்; வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி, உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இது காய்ச்சல் அல்ல என்பதால் பாராசிட்டமால் இங்கே வேலை செய்யாது.