சாவியை எடுத்தது பையன், கூண்டில் நிற்பது அப்பா

"எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான் சார்." 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டதும் பெற்றோர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். 2019 செப்டம்பர் 1 முதல் அந்த வார்த்தை மட்டும் போதாது. அன்று அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 199-ஏ படி, பெற்றோரும் வண்டி உரிமையாளரும் சம்மதித்தே வண்டி வெளியே போனதாக நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அவர்கள்தான்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சாவி கதவோர ஆணியில் தொங்கியிருக்கும். பையன் ஒரு மாதமாக டியூஷனுக்கு அதே வண்டியில் போவதைப் பக்கத்து வீட்டு சிசிடிவி பதிவு செய்திருக்கும். "வரும்போது வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வா" என்று அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் ஒன்றே போதும், 'தெரியாது' என்ற வாதம் படுத்துவிடும். வண்டி மாமா பெயரில் இருந்தால் அவரும் சிக்குவார்.

தண்டனை 3 ஆண்டு வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை எல்எல்ஆர் எனும் பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. வேலைக்குப் போகும் வயதில்தான் இதன் வலி தெரியும்.

"கியர் இல்லாத ஸ்கூட்டிதானே, 16 வயசு போதுமே" என்பார்கள். அந்தச் சலுகை 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான், அதற்கும் உரிமம் வேண்டும். இன்று வீடுகளில் நிற்பவை பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. மின்சார வண்டியிலும் மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் உரிமம் தேவையில்லை. வேகக் கட்டுப்பாட்டை மெக்கானிக்கிடம் கழற்றிவிட்டால் அந்த விலக்கும் போச்சு.

இதோடு மதுவும் சேர்ந்தால் பிரிவு 185. வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். பீரா பிராந்தியா என்று சட்டம் பார்ப்பதில்லை. முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை, 15,000. கருவியில் ஊத மறுப்பது புத்திசாலித்தனம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வாயில் மது வாடை வந்து ஊதவும் மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்; தக்க காரணமின்றி மறுத்தது வழக்கில் எதிராகவே பேசும். போதையில் இருப்பவனை ஓட்டச் சொல்லித் தூண்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தவர் மீதும் பிரிவு 188 பாயும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது விற்கவே கூடாது என்பதால், பாட்டில் எப்படி வந்தது என்ற விசாரணையும் தனியே தொடங்கும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். காப்பீடுதான் கையைக் கடிக்கும். சொந்த வண்டியின் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் நிராகரித்துவிடும். அடிபட்டவருக்கான இழப்பீட்டைத் தீர்ப்பாயம் சொன்னபடி முதலில் கட்டிவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க வரும். விபத்தை எல்லோரும் மறந்தபின் வருகிற அந்த நோட்டீஸில், ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயர்தான் இருக்கும்.