போக்கிரியும் இல்லை, பொறுக்கியும் இல்லை: ரோக்லைக் என்ற சொல்லின் கதை

போன மாதம் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். மடிக்கணினியில் ஏதோ விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக முழித்துக்கொண்டிருந்தவன், கடைசியில் என்னிடம் கேட்டான்: "மாமா, இதுல யாரைப் போய் அடிக்கணும்?"

விளையாட்டு ‘அகைன்ஸ்ட் தி ஸ்டார்ம்’. ஓயாமல் மழை பெய்யும் ஒரு காட்டுக்குள் ஊர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரையும் அடிக்க வேண்டியதில்லை. பின்னே ஏன்லே கேட்கிறாய் என்றால், அவன் பார்த்த தமிழ் விளக்கக் காணொளியில் இதைப் "போக்கிரி போன்ற நகரக் கட்டுநர் விளையாட்டு" என்று சொல்லியிருக்கிறார்கள். பையன் கொள்ளைக்குக் கிளம்பும் பொத்தானைத் தேடியிருக்கிறான்.

‘ரோக்லைக்’ (roguelike) என்ற ஆங்கில வகைப்பெயரை, ‘ரோக்’ என்றால் போக்கிரி என்று அகராதியில் பார்த்து இப்படி மாற்றியிருக்கிறார்கள். இந்தப் ‘போக்கிரி போன்ற’ எனக்குப் புதிதில்லை. ஏற்கனவே நாலைந்து இடத்தில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனதுதான். ஒரு இடத்தில் ‘முரடன் வகை’, இன்னொரு இடத்தில் ‘அயோக்கியத்தனமான உத்தி விளையாட்டு’. ‘போக்கிரி போன்ற நகரக் கட்டுநர்’ என்று திருநெல்வேலியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், குளத்தை மூடிப் பிளாட் போட்டு விற்கிற ஆளைத்தான் நினைப்பார்கள்.

சொல் வந்த வழி சின்னக் கதைதான். 1980 வாக்கில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ‘ரோக்’ என்று ஒரு கணினி விளையாட்டு எழுதினார்கள். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். நீங்கள் ஒரு @ குறி, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் பூதங்கள். ஒவ்வொரு தடவையும் நிலவறை புதிதாக அமையும், செத்தால் செத்ததுதான், திரும்ப முதலிலிருந்து. 1983-ல் வந்த பி.எஸ்.டி. 4.2 யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தோடு சேர்ந்து இது பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பரவியது. அதைப் பார்த்துப் பலர் அதே மாதிரி எழுத, 1993-ல் யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய அரட்டைக் குழுக்களில் இந்தக் கூட்டத்துக்கெல்லாம் ஒரே பெயராக ‘ரோக்லைக்’ நிலைத்தது. ரோக் மாதிரி. அவ்வளவுதான் பொருள்.

அதாவது இதில் ‘ரோக்’ என்பது ஒரு விளையாட்டின் பெயர். பெயரை எடுத்து அகராதியில் பார்த்து மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? நம்ம ஊரில் ஒருவன் கடை போட்டு ‘இருட்டுக்கடை மாதிரி அல்வா’ என்று பலகை வைக்கிறான் என்று வையுங்கள். அதை வெளியூர்க்காரன் ஒருவன் ‘இருளைப் போன்ற அல்வா’ என்று தன் மொழியில் எழுதினால் சிரிப்போமா இல்லையா? அதே வேலையைத்தான் இவர்கள் செய்துவிட்டு, தமிழுக்குத் தொண்டு செய்ததாக வேறு நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பெயரின் பொருளையே பார்ப்போம் என்றாலும் போக்கிரி நிற்காது. அந்த ஆங்கிலச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகத் திரியும் பிச்சைக்காரனைக் குறித்தது, அப்புறம்தான் எத்தன், அயோக்கியன் எல்லாம். டாய் அந்தப் பெயரை வைத்ததற்குக் காரணமும் அயோக்கியத்தனம் இல்லை. அப்போது பிரபலமாக இருந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு கூட்டமாகச் சேர்ந்து ஆடுவது. இதில் ஆள் தனியாகப் போகிறான், அதனால் அந்தப் பெயர். கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரியும் யானைக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழிதான். பாபநாசம் மலைப்பக்கம் உள்ளவர்களைக் கேட்டால் ஒற்றை யானை என்பார்கள், போக்கிரி யானை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆக, பெயரைத்தான் மொழிபெயர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள்கூட ‘ஒற்றையன்’ பக்கம்தான் வந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர் "அப்போ ‘தனியன் வகை’ன்னு வைப்போம்" என்றார். நல்ல சொல்தான். ஆனால் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்த் தனியன் என்றால், பாசுரத்துக்கு முன்னால் சொல்லும் வாழ்த்துச் செய்யுள். ‘தனியன் வகை விளையாட்டு’ என்றால் பெரியவர்கள் எழுந்து கைகூப்பிவிடுவார்கள். தவிர, ஊர் கட்டும் விளையாட்டில் மனிதர், பீவர் என்கிற நீரெலி, பல்லி, நரி என்று கூட்டம் கூட்டமாகக் குடியேற்றுகிறோம், இதில் எங்கே தனியன்?

பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருக்கும் இன்னொரு நண்பர் ‘சிற்றிலாட்டம்’ என்றார். சிறுமிகள் மணலில் வீடு கட்ட, பையன்கள் வந்து காலால் சிதைப்பார்களே, பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று தனியாகவே உண்டே, அது. கேட்க எவ்வளவு அழகு! ஒரு நாள் முழுக்க இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆனால் சிற்றில் என்றால் என்ன என்று விளக்க முதலில் ஒரு பத்தி, அப்புறம் விளையாட்டை விளக்க ஒரு பத்தி என்று போனால் தங்கை மகன் திரும்பவும் காணொளிக்கே போய்விடுவான். ‘மீள்தொடக்க ஆட்டம்’ என்றும் ஒன்று உலவுகிறது. எந்த ஆட்டத்தைத்தான் திரும்பத் தொடங்க முடியாது? இதில் முக்கியமே தொடங்கும்போது எல்லாம் மாறி இருக்கும் என்பதுதானே, அது அந்தச் சொல்லில் இல்லை.

எனக்குக் கிடைத்த சொல் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. சீட்டைக் கலைத்துப் போடு என்கிறோம். அங்கே கலைத்தல் என்றால் முறை மாற்றிக் குலுக்குவது. கூட்டத்தைக் கலைத்தார்கள், கூட்டைக் கலைத்தார்கள் என்கிறோம். அங்கே கலைத்தல் என்றால் இருந்ததை இல்லாமல் ஆக்குவது. ரோக்லைக்குக்கு வேண்டிய இரண்டும் ஒரே வினைச்சொல்லில் இருக்கிறது: இருந்தது போகும், அடுத்தது வேறு மாதிரி வரும். ஆகவே கலைத்தாட்டம். (கலையாட்டம் என்று எழுதிவிடாதீர்கள், கரகாட்டம் பார்க்க ஆள் வந்துவிடும்.) நம்ம விளையாட்டு ‘ஊர்கட்டும் கலைத்தாட்டம்’. பிடிக்கவில்லையா, ‘ரோக்லைக்’ என்றே தமிழில் எழுதிவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமில்லை. தூய தமிழ் என்ற பெயரில் தப்பான தமிழ் எழுதுவதற்கு, சரியான கடன் சொல் எவ்வளவோ மேல்.

சொல் சரியாக இருந்தால் புதிதாக ஆடுபவனுக்குப் பாதி யோசனை அதிலேயே கிடைத்துவிடும். கலையப்போகிற ஊர் இது, அதனால் தெருவை அழகாக வளைத்து வளைத்துப் போட்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம். திரையில் நற்பெயரைக் காட்டும் நீலக் கோடு நிறைந்தால் வெற்றி, அதற்குள் சிவப்புக் கோடு நிறைந்தால் நம்மை அனுப்பிவைத்த ராணிக்குப் பொறுமை போய்விட்டது, ஊர் போச்சு. சீட்டு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்து ஆட வேண்டும் என்பதால், கட்டட வரைபடங்களைக் கொடுத்த உடனே அவசரப்பட்டு எடுக்காமல், பக்கத்துக் காட்டில் என்ன விளைகிறது என்று பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. மண்டையோட்டுக் குறி போட்ட காட்டுவெளியைப் புயலுக்கு முந்தின நிமிடத்தில் திறந்துவிட்டு அப்புறம் அழக்கூடாது. புயல் காலத்தில் விறகுவெட்டிகளை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேலையில் இருக்கும் விறகுவெட்டிகள் கூடக் கூடக் காட்டின் பகை ஏறும், குடிகளின் மனசு இறங்கும், மனசு விட்டவர்கள் ஊரைவிட்டே போவார்கள். ஊர் நடுவில் எரிகிற அடுப்பு மட்டும் அணையக்கூடாது.

அந்தக் காணொளியில் பருவங்களின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. வருஷத்துக்கு மூன்று பருவம். முதலாவது தூறல், மூன்றாவது புயல், சரி. நடுவில் வருவதற்கு ‘அனுமதிக் காலம்’ என்றிருக்கிறார்கள்! ஆங்கிலத்தில் ‘கிளியரன்ஸ்’ என்று இருந்தால் அரசாங்க ஆபீஸ் நினைப்புதான் வரும் போல. மழை சற்று விட்டு வானம் தெளிவதை நாம் மழை வெறித்திருக்கிறது என்போம். தூறல், வெறிப்பு, புயல். மழையைப் பற்றிய சொல்லுக்கா நமக்குப் பஞ்சம்? இந்த விளையாட்டு முழுமையாக வெளிவந்தது 2023 டிசம்பர் 8. அதிலிருந்து பத்தே நாளில் தாமிரபரணி கரையை உடைத்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மழை எப்போது வெறிக்கும் என்று அன்றைக்கு நாங்கள் கேட்டதுபோல எந்த மொழிபெயர்ப்பாளரும் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. கறாராகப் பார்த்தால் இது ரோக்லைக் இல்லை, ‘ரோக்லைட்’, அதாவது கொஞ்சம் இளகின ரோக்லைக். ஊர் போனாலும் ஜெயித்தாலும் அங்கே சம்பாதித்ததில் கொஞ்சம் தலைநகரத்துக்கு வரும், அதை வைத்து அடுத்த ஊருக்கான வசதிகளைக் கூட்டிக்கொள்ளலாம். பல்லாங்குழியில் ஒரு ஆட்டம் முடிந்ததும் கையில் உள்ள முத்தை வைத்துத்தானே அடுத்த ஆட்டத்துக்குக் குழியை நிரப்புகிறோம், அந்தக் கணக்கு. இதற்கு அந்தத் தமிழாசிரியர் ‘இளங்கலைத்தாட்டம்’ என்றார். பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போடுவது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு ‘மிச்சம் வைத்த கலைத்தாட்டம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீளம்தான், இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி தங்கை மகன் போன் போட்டான்.

"மாமா, மூணாவது ஊரும் கலைஞ்சிட்டு."

"புயல்ல விறகுவெட்டியை எடுத்தியாலே?"

"ஐயோ, மறந்துட்டேன்."